எடை போட்டவர்

பேரணாம்பட்டு தாண்டி, குடியாத்தம் போகும் சாலையில்
லாரி ஏறி நிற்கும் இரும்பு மேடை.
பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை. ராத்திரியில் அதில் நான்.

டேங்கர் பத்தே முக்காலுக்கு ஏறியது: 16,280.
திரும்பி வந்து நின்றபோது பதினொன்று இருபத்தைந்து: 6,340.
கழிவுநீர் நிலையத்துக்குப் போகவே
ஒரு மணி நேரம் ஆகும்.
டன் கணக்கில் வாடகை என்பதால்
இரண்டு சீட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார் ஓட்டுநர்.
பத்து டன் தண்ணீர் எங்கே இறங்கியது என்று கேட்க
சீட்டில் கட்டம் இல்லை.
தேதி, நேரம், வண்டி எண், எடை,
கட்டணம் அறுபது ரூபாய்.

ஒன்பது ராத்திரி பார்த்தேன்.
குழாய் மூடி சொட்டிய இடத்தில்
மேடையின் துரு கரைந்து வெளுத்திருந்தது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் ஒரு பெண் எடுத்தாள்.
"எந்த மாவட்டம்?"
ஊற்றுகிற இடம் திருப்பத்தூர்,
ஊறுகிற இடம் வேலூர் என்றேன்.
சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டாள்.
"ஆதாரம் அனுப்புங்க. பேர் வெளிய வராது."

சீட்டு நகலைப் படமெடுக்கும்போதுதான் கவனித்தேன்,
அடியில் மெஷின் தானாக அச்சடிக்கிறது:
எடை போட்டவர் - ப. கெங்காதேவி.
ஆறு வருஷமாக அடிக்கிறது.
கட்டைவிரலால் அதை மூடிக்கொண்டு
ஒன்பது படம் எடுத்தேன்.

பதில் வருவதற்குள் கார்த்திகை வந்துவிட்டது.
தீபத்துக்கு மறுநாள், விடிய இரண்டு மணி நேரம் இருக்க,
ஒரு குட்டியானை வண்டி. நிறைய கோணிமூட்டை.
"மாங்கா" என்றான் ஒருவன்.
"சீட்டு வேணாம், கிலோ மட்டும் சொல்லு."
கார்த்திகையில் எந்த மரம் காய்க்கிறது?
வண்டி எடை போக இருநூற்றுப் பத்து.
போன பிறகு,
பெட்ரோல் பங்க் நாய் வந்து
மேடையை நக்க ஆரம்பித்தது.
விரட்டினேன். போகவில்லை.
வாளித் தண்ணீரைத் தூக்கியவள்
ஊற்றாமல் கீழே வைத்தேன்.

வனத்துறைக்கு அடித்தபோது வாய் உலர்ந்திருந்தது.
ஆறரைக்கு ஒருவர் வந்தார், தீர்த்தகிரி என்று பெயர்,
சீருடைச் சட்டை, கீழே லுங்கி.
சவர பிளேடால் மேடையைச் சுரண்டி
தினத்தாள் துண்டில் மடித்தார்.
அதில் ஒட்டியிருந்த நாலைந்து மயிரை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"புள்ளிமான்தான். பொட்டை."
அவர் சொன்ன விதத்தில்
எனக்கு அழுகை வந்தது. ஏனென்று தெரியவில்லை.
பொட்டலத்தை உள்ளங்கையில் ஏந்தி
"இது எவ்வளவு காட்டும்?" என்றார்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
எங்கள் மெஷினுக்கு எல்லாமே பூஜ்யம் என்றேன்.
"கோர்ட்லயும் அப்படித்தாம்மா," என்றவர்
பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்துப்
பொத்தான் போட்டுக்கொண்டார்.

பத்து நாள். டேங்கர் வரவில்லை.
நல்லது நடந்துவிட்டது என்று
முதலாளியிடமே சொல்லிவிடப் பார்த்தேன்.

பதினொன்றாம் நாள் பத்தே முக்காலுக்கு வந்தது.
ஓட்டுநர் இறங்கி வந்து
செல்போனைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார்.
நான் எடுத்த படம்.
இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிசாக்கினார்.
எண் இல்லை, எடை இல்லை,
திரை முழுக்க ஒரு கட்டைவிரல்,
நடுவில் பிளந்த நகம்.
"இன்னாம்மா, யார் வெரல் இது?"

யார் அனுப்பினார்கள் அவருக்கு?
அந்தச் சிரித்த பெண்ணாக இருக்கக் கூடாது
என்று மட்டும் நினைத்தேன்.
கையை மேசைக்கடியில் இறக்கப் போனேன்.
இறக்கினால் எப்படித் தட்டுவது?

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்,
அவர் பார்க்கப் பார்க்க,
வண்டி எண்ணை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன்.
"பின்சக்கரம் மேடைக்கு வெளிய இருக்கு.
நேரா ஏத்தி நிறுத்துங்க."